வெந்நீர் படாத செவி

கருங்கல் சந்தையில் வறுவேல் அண்ணனிடம்
நான் கேட்பது இறைச்சியல்ல, செவி மட்டும்.
அதுவும் மயிர் சுரண்ட வெந்நீர் ஊற்றும் முன்னே
அறுத்தெடுத்த செவி.
வெந்துபோன தோல் எதையும் தடுக்காது,
தடுக்காத தோலில் அளப்பதற்கு ஒன்றுமில்லை.
"பன்னிச் செவிக்கு இம்புட்டு சட்டமா மக்களே"
என்றபடி இடது கையால் கத்தியை எடுக்கிறார்.
வலது தோள் ஒரு மாசமாகத் தூக்க முடியவில்லையாம்.

ஐஸ் போட்ட டிபன் பாக்ஸில் நான்கு செவிகள்,
மார்த்தாண்டம் பஸ்ஸில் என் மடிமேல்.
"மீனா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
ஆமாம் என்றேன். "என்ன மீன்?"
சாளை என்றேன்.

செவியின் பின்புறம் உரித்து
கொழுப்பைச் சுரண்டி
இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே
தோலை மாட்டினேன்.
மேலே நான் காய்ச்சிய ஜெல், ஒரு கிராம்.
கீழே உப்புநீர், அதில் சுழலும் ஒரு காந்தக் குச்சி.
வெப்பம் முப்பத்திரண்டு டிகிரி.
காய்ச்சலில்லாத மனிதத் தோலின் மேற்பரப்பு அவ்வளவுதான்.

ஒரு மணிக்கொருமுறை பக்கக் குழாயில் ஊசி விட்டு
அரை மில்லி எடுக்க வேண்டும்,
எடுத்த அளவு புது உப்புநீர் ஊற்ற வேண்டும்.
கீழே மருந்து சேர்ந்துவிட்டால்
மேலிருப்பது இறங்க யோசிக்கும்.
நெரிசலிலிருந்து காலியிடத்துக்கு,
காலி குறையக் குறைய மெதுவாக.
விதி அவ்வளவே. அதை எழுத
என் கைடு பிரிசில்லா மேடம் மூன்று போர்டு நிரப்பினார்.

முதல் மணி: பூஜ்யம்.
இரண்டாம் மணி: பூஜ்யம்.
மூன்றாவது கிண்ணத்தில் தோலுக்கடியில்
கடுகளவு காற்றுக்குமிழி. சாய்த்துத் தட்டியும் போகவில்லை.
ஒரு குமிழி போதும்,
அந்த இடத்தில் தோல் எதையும் தொடுவதில்லை.
நோட்டில் அடித்துவிட்டேன்.

மேலே செத்த செல்களின் அடுக்கு,
தாளைவிட மெல்லிசு.
பன்றி போய்விட்டது, அதன் உயிர் போய்விட்டது,
உயிரோடிருந்தபோதே செத்துப்போயிருந்த அந்த அடுக்கு மட்டும்
இன்னும் காவலுக்கு நிற்கிறது
யாருக்காக என்று கேட்காமல்.

மூன்றாம் மணியில் கொஞ்சம்.
நான்கில் இன்னும் கொஞ்சம்.
ஐந்தாம் மணிக்கு கரண்ட் போனது.

ஆனிச் சாரல், குழித்துறை ஆறு ஜன்னலுக்குக் கீழே
இருட்டில் பேசிக்கொண்டு போகிறது.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன அஜின்
வருவானோ மாட்டானோ.
காந்தக் குச்சி நின்றுவிட்டது.
முப்பத்தொன்று. முப்பது.
நல்ல கிண்ணங்கள் மூன்றையும் கழற்றி
சுரிதாருக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்,
நேராக நிற்கும்படி,
மூச்சில் லேசாக ஆடும்படி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்றியின் தோல்,
இந்தப் பக்கம் என் தோல்.
இதை மெத்தடாலஜி அத்தியாயத்தில் எங்கே எழுதுவது?

நாற்பது நிமிடம் அப்படி நின்றேன்.
ஜெல் கசிந்த இடத்தில் வயிறு முதலில் குளிர்ந்தது,
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றால்
உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மறுநாள் சந்தையில் வறுவேல் அண்ணன் கேட்டார்,
"எவ்வளவு உள்ளே போச்சு?"
எட்டு மணி நேரத்தில் நூற்றுக்கு நாலு.
"பாக்கி தொண்ணூத்தாறு?"
மேலேயே காய்ந்து கிடக்கும் அண்ணே,
குளிக்கும்போது போகும்.
அவர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
"அப்போ மெடிக்கல்காரன் தாற டியூப்புக்கு
நான் நாலு ரூவா குடுத்தா போதுமே."

சிரித்தேன், பதில் வரவில்லை.
அந்த நாலிலும் எத்தனை தோள்வரை போகும்,
எத்தனை ரத்தத்தில் ஏறி வேறெங்கோ இறங்கும்,
என் கண்ணாடிக் கிண்ணத்துக்குத் தெரியாது.
அதற்கு வலிப்பதில்லை.

"இன்னைக்கு எத்தனை செவி?"
ஐந்து என்றேன்,
குமிழிக்கு ஒன்று சேர்த்து.